வீட்டை வெறுமையாக்குமுன்



இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதம் தொடங்கிவிட்டது. 2ஆம் திகதித் திருப்பலிக்கென நீங்கள் எழுதித் தந்த பெயர்கள் இம்மாதம் முழுவதும் பீடத்தின் அருகே கூடையில் இருக்கும். அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துச் செல்கையில் ஒன்றைக் கவனித்தேன். நாம் கனடாவுக்கு வந்த புதிதில் அப்பட்டியலில் இருந்தவர்கள் பெரும்பாலும் தாயகத்தில் இறந்தவர்கள். இன்று அதிலுள்ள பலர் இங்கேயே, ரொறன்ரோ மருத்துவமனைகளில் கண்மூடி, இம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டவர்கள். பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்திறங்கிய தலைமுறை விடைபெறத் தொடங்கிவிட்டது. அவர்கள் இரண்டு வேலை மூன்று வேலை செய்து வாங்கிய வீடுகள் விற்பனைக்கு வருகின்றன.

அடக்கத்தின் பின்னர் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் மாறிவிட்டன. முன்பெல்லாம் முப்பத்தோராம் நாள் பூசையைப் பற்றி மட்டுமே கேட்பார்கள். இப்போது அதனோடு இன்னொரு கேள்வியும் வருகிறது: "ஃபாதர், அம்மாவின் சுரூபங்களைக் கோயிலில் எடுப்பீர்களா? வெள்ளிக்கிழமை குப்பை அள்ளுகிற பெரிய தொட்டி வருகிறது." குரலில் துயரம் இருக்கிறது, அதைவிட அவசரம் அதிகமாக இருக்கிறது. இந்த அவசரத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் சுரூபங்களின் காரியத்தை முடித்துவிடுவோம். வீட்டைக் காட்சிக்கு வைக்குமுன் படங்களையும் சுரூபங்களையும் அகற்றும்படி விற்பனை முகவர்கள் சொல்வது வழக்கம். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. வாங்க வருபவர் தம் குடும்பத்தை அச்சுவர்களுக்குள் கற்பனை செய்து பார்க்கவேண்டும் அல்லவா? ஆனால் ஒரு சகோதரர் சில மாதங்களுக்கு முன் கொண்டுவந்த விண்ணப்பம் வேறு விதமானது. புனித சூசையப்பரின் சிறிய சுரூபம் ஒன்றை முற்றத்தில் தலைகீழாகப் புதைத்தால் வீடு விரைவில் விற்றுவிடுமாம்; அதை ஆசீர்வதித்துத் தரவேண்டுமாம். வட அமெரிக்காவில் இதற்கென்றே சுரூபத்தைச் சிறு பெட்டியில் இட்டு விற்கிறார்கள். பெத்லகேமிலும் எகிப்திலும் தம் குடும்பத்துக்காக இடம் தேடி அலைந்த மனிதரை மண்ணுக்குள் தலைகீழாக நிறுத்துவதற்கு நான் ஆசீர் வழங்குவதில்லை. விலையைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

வழிபாட்டுக்கென ஆசீர்வதிக்கப்பட்ட பொருட்கள், அவை தனியாருக்குச் சொந்தமானவையாக இருந்தாலும், வணக்கத்தோடு கையாளப்படவேண்டும், தகாத பயன்பாட்டுக்கு உட்படுத்தப்படலாகாது என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1171ஆம் எண் கூறுகிறது. ஆகவே குப்பைத் தொட்டி அவற்றுக்குரிய இடமன்று. நல்ல நிலையில் உள்ளவற்றைச் செபிக்கக்கூடிய ஒருவருக்குக் கொடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குள் ஒருவர் கட்டாயம் இருப்பார், கேட்டுப் பாருங்கள். உடைந்துபோனவற்றில் எரியக்கூடியதை எரித்துச் சாம்பலைப் புதைப்பதும், எரியாததை மண்ணிற் புதைப்பதும் தொன்றுதொட்டு வரும் வழக்கம். போத்தலில் மீந்திருக்கும் தீர்த்தத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் ஒரு மரத்தின் வேரில் ஊற்றிவிடுங்கள். சிலுவைக்குப் பின்னால் செருகிய பழைய குருத்தோலைகள் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாகும். புனிதர்களின் அருளிக்கம் ஏதும் அகப்பட்டால் அதை விற்கச் சட்டமே தடைவிதிக்கிறது. என்னிடம் கொண்டு வாருங்கள்.

சிறு கண்ணாடிக் குப்பியொன்றில் செம்மண் இருந்தால் அது என்னவென்று உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அது மருதமடுத் தாயின் சந்நிதி மண். பாம்புக் கடிக்கு மருந்தென்று நம் முன்னோர் வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்கள். பாம்பே இல்லாத இந்த ஸ்காபரோ வீடுகளிலும் அது அலுமாரிக்குள் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, அவ்வீடுகளில் வேறு என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். பேஸ்மென்றைத் திறந்தால் ஐஸ்கிறீம் வாளிகள் ஒன்றினுள் ஒன்றாக. மார்ஜரின் பெட்டிகள், கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல்கள், மடித்த பொலித்தீன் பைகள், பைகளுக்குள்ளே பைகள். டென்மார்க் பிஸ்கற் தகரத்தைத் திறந்தால் ஊசியும் நூலும். பிள்ளைகள் தலையில் கைவைத்துக்கொண்டு, "அம்மா ஒன்றையுமே எறியவில்லை, ஃபாதர்" என்கிறார்கள். சிலர் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு நோயின் பெயரையும் சொல்கிறார்கள்.

நான் அதை நோயென்று சொல்லமாட்டேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றதை நேரில் கண்டவர்கள் இதை வாசிப்பவர்களுக்குள் இருக்கிறீர்கள். மறுநாட்களில், குழந்தைக்குப் பால் கரைக்க ஒரு மூடியுள்ள போத்தல் கிடைக்காமல் தாய்மார் வீடுவீடாகக் கேட்டு அலைந்தார்கள். அந்த அலைச்சலை அறிந்த கை, நல்ல மூடியுள்ள ஒரு பெட்டியை எப்படி எறியும்?

என் சொந்தக் குடும்பம் அதற்கும் முன்னரே, 1990 ஜூனில், மயிலிட்டியை விட்டு வெளியேறியது. அப்போது நான் இளங்குருவாக வேறோர் இடத்தில் இருந்தேன். கோழிகளைக் கூட்டிலிருந்து திறந்துவிட்டு வந்ததை மட்டும் அம்மா கடைசிவரை திரும்பத் திரும்பச் சொல்வார். இரண்டு நாளில் வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். மயிலிட்டித் துறைமுகமும் சூழவுள்ள காணிகளில் ஒரு பகுதியும் மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது 2017 ஜூலையில். இருபத்தேழு ஆண்டுகள். அம்மா அதற்குள் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு நான் போனபோது கிணறும் துவைகல்லும் இருந்தன. கூரையில்லை, சுவரில்லை, தரையைப் பிளந்துகொண்டு மரங்கள். அவ்வீட்டில் அடுக்கி வைக்கவோ பங்கிடவோ எறியவோ எனக்கு ஒரு கரண்டிகூட இருக்கவில்லை.

இதை இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. நம்முள் எத்தனையோ பேருக்குப் பெற்றோரின் வீட்டைத் தம் கையால் வெறுமையாக்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. எறிகணை வெறுமையாக்கியது, கொள்ளை வெறுமையாக்கியது, காடு வெறுமையாக்கியது. பல குடும்பங்களில், கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஒவ்வொரு பொருளாகக் கையிலெடுத்துப் பார்த்து விடைகொடுக்கக்கூடிய முதல் வீடு இதுதான். அதை ஒரு வெள்ளிக்கிழமையில், அந்நியர் இருவரைக் கூலிக்கு அமர்த்தி முடித்துவிடாதீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அவசரம் என்ன பறிக்கும் என்பதற்கு இவ்வாண்டு நம்மிடையே நிகழ்ந்த ஒன்றைக் குடும்பத்தாரின் அனுமதியோடு சொல்கிறேன். பெயர்களைத் தவிர்க்கிறேன்.

எண்பத்தொரு வயதுத் தாயார் ஒகஸ்டில் காலமானார். ஒக்ரோபர் இறுதியில் வீட்டை ஒப்படைக்கவேண்டும். வாசலில் தொட்டி வந்து நின்றுவிட்டது. கடை விளம்பரத் தாள்கள் நிறைந்த அட்டைப் பெட்டியொன்றை அப்படியே தூக்கிப்போட மருமகள் எடுத்தபோது, தாள்களுக்குள்ளிருந்து ஒரு பழைய பாடசாலைக் கொப்பி விழுந்தது. சீட்டுக் கணக்கு, கடன் கொடுத்த கணக்கு, பூசைக்குக் கொடுத்த கணக்கு. ஆண்டுதோறும் ஒக்ரோபர் மாதத்தில் ஒரே வரி: "சின்னவனுக்கு, சுண்ணாம்பு, பூ, மெழுகுதிரி", பக்கத்தில் ஐம்பது டொலர். 2008க்கும் 2009க்கும் நேரே தொகை இல்லை. சிறு சிலுவைக்குறி மட்டும் இருந்தது. 2010இல் மீண்டும் ஐம்பது.

அக்குடும்பத்தில் கடைசி மகனைத்தான் எல்லோரும் சின்னவன் என்று அழைப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு, "எனக்கு ஒரு சதமும் தரவில்லையே, யார் அடித்துக்கொண்டு போனது?" என்று கேட்டிருக்கிறார். மூத்த மகள் மட்டும் சிரிக்கவில்லை. நெடுநேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நீ இல்லை" என்றாராம்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் பல்லாயிரம் மக்கள் மடுத் திருத்தல வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தார்கள். அங்கே ஒரு கொட்டிலில், ஒன்றரை வயதுக் குழந்தையொன்று மலேரியாவில் இறந்தது. மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு தம்பி இருந்தான், போய்விட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவனுடைய கல்லறை இன்றும் இருக்கிறது என்பது தெரியாது. தாயார் அதைப்பற்றி வாய்திறந்ததில்லை. பின்னர் பிறந்த மகனைச் சின்னவன் என்று அழைத்து வளர்த்தார், அவ்வளவுதான்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. மடுவுக்கு அண்மித்த ஓர் ஊரைச் சேர்ந்த பெண்மணி. அன்று அதே வளாகத்தில் இவர்களுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவர். தாயார் இறந்ததைச் சொல்ல அழைத்தபோது, அவர் முதலில் சொன்னது: "இந்த முறை காசு வரேல்லை. அக்காவுக்குச் சுகமில்லைப் போல எண்டு நினைச்சன். அதுக்கென்ன, நான் சுண்ணாம்பு அடிச்சுப்போட்டன்." 2008இலும் 2009இலும் அவரே இடம்பெயர்ந்து முகாமில் இருந்திருக்கிறார். திரும்பி வந்ததும் முதலில் பற்றை வெட்டியது அந்தச் சிறு கல்லறையைத்தான் என்றும் சொன்னாராம்.

அந்த அட்டைப் பெட்டி ஒரு நிமிடம் முந்தித் தொட்டிக்குள் போயிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். இவ்வாண்டு 2ஆம் திகதிக் கூடையில் அக்குடும்பம் எழுதிய பட்டியலில் ஒரு பெயர் கூடியிருந்தது. கடைசி மகனின் கையெழுத்து.

எனவே தாள்களைத் தாள்தாளாகப் புரட்டுங்கள். செபப்புத்தகங்களை உதறிப் பாருங்கள். நம் தாய்மாரின் வங்கி அதுதான். தாயகத்துக் காணி உறுதிகள் தலையணை உறைக்குள்ளும் சேலை மடிப்புக்குள்ளும் இருக்கும். மங்கிய எழுத்தும் முத்திரையுமாக, இங்கே பிறந்த பிள்ளைக்கு அது பழைய காகிதம். அதை எறிந்துவிட்டுப் பின்னர் நொத்தாரிசு யார், எந்தக் காணிப் பதிவகம் என்று தெரியாமல் அலைவோரை அறிவேன். இலங்கையில் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, பிறர் ஒருவர் உங்கள் காணியை உங்களுக்கு எதிராக, இடையூறின்றிப் பத்தாண்டுகள் ஆண்டுவந்தால் உரிமை கோரமுடியும். முதுசமோ சீதனமோ தேடியதேட்டமோ, உறுதி கையில் இருக்கட்டும். இங்குள்ள வரிப் பத்திரங்களை ஆறு ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். வரி பாக்கியில்லை என்ற சான்றிதழை வருமானத் திணைக்களத்திடம் பெறுமுன் சொத்தைப் பிரித்துக் கொடுத்தால், மரணசாதனத்தை நிறைவேற்றுபவரே அந்த வரிக்குப் பொறுப்பாக நேரலாம். இதற்குமேல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், குருவிடம் வேண்டாம்.

பங்கீட்டுக்கு வருவோம். வீட்டின் பணத்தைப் பிரிப்பதில் சண்டை வருவது நான் கண்டவரையில் குறைவு. அதற்கு எண்கள் இருக்கின்றன, வகுத்தால் முடிந்தது. சண்டை வருவது மூக்குப்பேணிக்கு. புறா பொறித்த தாலிக்கு. கைப்பையில் வைத்து விமானத்தில் கொண்டுவந்த அம்மிக் குழவிக்கு. ஒரே ஒரு மூக்குப்பேணிக்காக அக்காவும் தங்கையும் இரண்டு ஆண்டுகள் சமாதானம் சொல்லும் நேரத்தில் முகம் திருப்பிக்கொண்டதை நான் பீடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பேணியில் அவர்களுடைய அப்பா ஆட்டுப்பால் குடித்தார். அதை எப்படி வகுப்பது?

லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில், சொத்தைப் பங்கிடும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவர் வந்து கேட்கிறார். ஆண்டவர் அந்த வழக்கை ஏற்கவில்லை. நானும் ஏற்பதில்லை, பலர் என்னோடு கோபித்ததுண்டு. ஒன்றை மட்டும் சொல்வேன்: யாருக்கு எது என்று தீர்மானிக்குமுன், ஒவ்வொருவரும் தாம் விரும்பும் பொருளின் கதையை மற்றவர்களுக்குச் சொல்லட்டும். கதையைக் கேட்டபின் விட்டுக்கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். கேட்டும் விடாதவர்களையும் கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் கடினமானது உடுப்பு. சட்டியையும் கதிரையையும் துணிந்து கொடுத்தவர்கள் அம்மாவின் வீட்டுச் சட்டைக்கு முன்னால் நின்றுவிடுகிறார்கள். அதில் இன்னும் அவர் வாசம் இருக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலில் யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவர் உயிரோடிருக்கையில் தைத்துக் கொடுத்த ஆடைகளைக் காட்டி அழுகிறார்கள். தபித்தா எப்படிப்பட்டவர் என்று விளக்க அவர்களுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை. ஆகவே அழுவதற்கு வெட்கப்படாதீர்கள். ஒன்றை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கூறைச் சேலையை வெட்டிப் பேரப்பிள்ளையின் ஞானஸ்நான உடையாக்கிய குடும்பமும் நம்மிடம் உண்டு. குளிர்ச் சட்டைகளைப் பிந்தாமல் கொடுத்துவிடுங்கள். 1833இல் பாரிஸில் இளம் மாணவர்கள் சிலர் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இந்நகரிலும் பணியாற்றுகிறது, அவர்களிடம் கேட்டு வருவோருக்கு இப்போதே குளிர் தொடங்கிவிட்டது.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பசையுள்ள பக்கங்களைக் கொண்ட அல்பங்கள் படங்களைக் கெடுக்கும், மெதுவாகக் கழற்றுங்கள். பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனையால் வேண்டாம். அடையாளம் சொல்லக்கூடிய பெரியம்மா, சித்தப்பா யாராவது இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். ஊரிலிருந்து அனுப்பிய கல்யாண வீடியோ நாடாக்கள் அங்குள்ள முறையில் பதிவானவை. இங்குள்ள பெட்டியில் ஓடாததனால் ஒருதடவைகூடப் பார்க்கப்படாமல் கிடப்பவை பல. அவற்றை மாற்றித் தருபவர்கள் உண்டு. நாடா நாளுக்கு நாள் பழுதடைகிறது.

முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுக் கொடுத்த கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் கட்டுக்கட்டாக இருக்கும். அவற்றில் ஓர் ஊரின் நான்கு தலைமுறை வம்சாவளி அச்சாகியிருக்கும். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் இணைய நூலகம் இத்தகைய மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது. நம் பாட்டிமார் கொப்பிகளில் கைப்பட எழுதிவைத்த, யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கப் பிரதிகளும் அகப்படலாம். தவக்காலத்தில் அவற்றை இராகத்தோடு படித்தவர்களின் குரல் போய்விட்டது, எழுத்தாவது தங்கட்டும்.

இம்மாதத்தின் நான்கு சனிக்கிழமைகளிலும் மாலைத் திருப்பலிக்குப் பின் நம் இளைஞர்கள் கீழ்மண்டபத்தில் படவருடியோடு இருப்பார்கள். கல்வெட்டுகளையும் பழைய படங்களையும் கொண்டுவந்து பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம். தனியே வீட்டைத் துப்புரவாக்க வேண்டியிருப்பவர்கள், குறிப்பாக உடன்பிறந்தோர் வேறு நாடுகளில் இருப்பவர்கள், பங்குப் பணிமனையில் பெயரைக் கொடுங்கள். துணைக்கு இருவர் வருவார்கள், பாரம் தூக்கவும், தேவையானால் பேசாமல் பக்கத்தில் இருக்கவும். குருத்தோலைகளுக்கான பெட்டி சக்கிறீஸ்து வாசலில் திருநீற்றுப் புதன்வரை இருக்கும். சுரூபங்களில் உடைந்தவற்றை மட்டும் கொண்டுவாருங்கள். நல்ல நிலையில் உள்ள அந்தோனியார் என்னிடம் ஏற்கெனவே பதினொருவர் இருக்கிறார்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை